புல்லில் அருகருகே நடக்கவும்

பிளாக்ரிக் பண்ணை,
ஹால்ட்விசில்.
ஜூன் 17, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள எல்ஸிக் கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், நம் நாய் மெக் நலம், முந்நூற்றுச் சொச்சம் ஆடுகளும் நலம். உன் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் மனிதர் முந்தாநாளிலிருந்து மாடிப்படியைப் பின்புறமாக இறங்கிக்கொண்டிருப்பதால் அவரை மட்டும் அரை நலம் என்று வைத்துக்கொள். அங்கே நீயும் மானுவும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, பூமியின் அந்தக் கோடியில் உங்கள் பக்கம் இப்போதுதான் குளிர் தொடங்கியிருக்குமே, நான் பின்னி அனுப்பிய காலுறை வந்து சேர்ந்ததா, எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் எழுது. இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே என்பாய். போன் அடுப்படியில் இருக்கிறது, அடுப்படியில் உன் அப்பா இருக்கிறார், அதனால்தான் கடிதம். அதுவும் போக, நான் சொல்லப்போவதைப் போனில் தொடங்கினால் பாதியில் நான் அழுவேன், நீ அழுவாய், ஒரு விஷயமும் ஒழுங்காகப் போய்ச் சேராது.

உன் கல்யாண விஷயம்தான். பிப்ரவரியில் மானு வீட்டுப் பண்ணையிலேயே கல்யாணம், அப்பா என் பக்கத்தில் நடந்து மானு நிற்கிற இடம் வரை என்னைக் கூட்டிக்கொண்டு போய் விடவேண்டும், அவர் வராவிட்டால் மானுவின் மாமா, சித்தப்பா என்று வேறு யாரும் வேண்டாம், நான் தனியாகவே நடந்துபோய் நின்றுகொள்வேன் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை அவருக்கு மூன்று தரம் படித்துக் காட்டினேன். மூன்று தரமும் ஒரே பதில்தான் வந்தது. முட்டி. அவ்வளவு நேரம் பிளேன்ல மடக்கி உட்கார்ந்தா அப்புறம் இந்தக் கால் நீளவே நீளாது லார்னா, அவங்க என்னைய நாற்காலியோடதான் தூக்கி இறக்கணும் என்றார். முட்டியில் ஆபரேஷன் செய்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது, அதே முட்டியோடுதான் வேலி ஏறுகிறார், கிடாவைப் பிடித்துக் கவிழ்க்கிறார், டிராக்டரிலிருந்து குதிக்கிறார். அந்த முட்டிக்கு உன் கல்யாணம் என்றால் மட்டும் வலி வந்துவிடுகிறது. நீ தனியாக நடந்து போவதை நினைத்து நினைத்து எனக்கு ஒரு வேலை ஓடவில்லை, இரண்டு தரம் ரொட்டியைக் கருக விட்டேன். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன், இந்த ஞாயித்துக்கிழமை நம்ம மேல்வயல்ல ஆரம்பிச்சு ரோமன் சுவர் ஓரமாவே சோலர்ஃபோர்டு பாலம் வரைக்கும் நடப்போம், பதிமூணு மைல், அந்த முட்டி அவ்வளவு தூரம் தாங்குச்சுன்னா பிளேன்லயும் தாங்கும், நீங்க வர்றீங்க, தாங்கலைன்னா இந்தப் பேச்சை இனிமே நான் எடுக்க மாட்டேன் என்று. உடனே சரி என்றார். சந்தையில் ஒரு கிடா வாங்க மூன்று வாரம் யோசிக்கிற மனிதர் உடனே சரி என்றதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஞாயிறு காலை அவர் மழைக்கோட்டை நான் உதறி மாட்டும்போதுதான் காரணம் தெரிந்தது, உள்பையில் சுவரோரமாக ஓடுகிற பஸ்ஸின் நேர அட்டவணை, நடுவழியில் இருக்கிற ரோமன் கோட்டை நிறுத்தத்தில் பன்னிரண்டு ஐம்பது பஸ்ஸைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. ஆக, பாதி வழியில் நொண்டுவது என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது. நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி அட்டவணையை மடித்து அதே பையில் வைத்துவிட்டேன்.

காலை எட்டரைக்கெல்லாம் மேல்வயல் வந்துவிட்டோம். வெயிலும் காற்றும் கலந்த நாள், மெக்குக்கு வாய் நிறையச் சிரிப்பு. உன் அப்பாவின் நடை உனக்குத் தெரியும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், எனக்குப் பத்தடி முன்னால். கல்யாணமான அன்றைக்குத் தேவாலயத்திலிருந்து வெளியே வந்தபோதும் அப்படித்தான், படம் பிடிக்க வந்தவர் மாப்பிள்ளையைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. முப்பத்தொன்பது வருஷமாக நான் பார்த்துவருவது அந்த முதுகைத்தான். அன்றும் மெக்கை இழுத்துக்கொண்டு பத்தடி போய்விட்டார். நான், நடக்கிறவர்கள் ஏறித் தாண்டப் படி வைத்த அந்தப் படிக்கட்டு வேலியண்டை நின்றுவிட்டேன். அங்கேதான் அவர் கையால் அறைந்த பலகை இருக்கிறது, நீ போன பிறகு வைத்தது, படம் அனுப்பியிருந்தேனே. நடக்க வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் போய் நம் வயலில் வாய்க்கால் மாதிரி ஒரு தடம் விழுந்துவிட்டது, மண்ணுக்கடியில் சுவரின் அஸ்திவாரம் வேறு இருக்கிறது, அதனால் ஒரே தடத்தில் போகாதீர்கள், சேர்ந்து நடங்கள் என்று சுவர்ப் பாதையைப் பராமரிக்கிறவர்களே சொல்கிறார்கள். உன் அப்பா அதைத் தன் பாணியில் எழுதி அறைந்துவிட்டார். பலகைக்கு எதிரே நின்று நான் சத்தமாகப் படித்தேன். புல்லில் தடம் விழும், அருகருகே நடக்கவும், வரிசையில் போக இது பள்ளிக்கூடம் அல்ல. மெக் திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரும் திரும்பிப் பார்த்தார். எழுதுனவருக்கு ஒரு சட்டம், நடக்கறவங்களுக்கு ஒரு சட்டமா என்று கேட்டேன். புல் விஷயத்தில் அவர் நாணயஸ்தர், அதைச் சொல்லியே ஆகவேண்டும். முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து என் இடப்பக்கம் நின்றார், இரண்டு பேரும் ஒன்றாகக் கால் எடுத்து வைத்தோம். வயல் மூலையில் நம் கல்வேலி திரும்புகிறதே, அந்த இடம் வந்ததும் மட்டும் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டடி வேகமாகப் போட்டார். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் ஒரு மைல் நாங்கள் நடந்த அழகைப் பார்த்திருந்தால் நீ சிரித்தே விழுந்திருப்பாய். அவர் ஒரு அடி வைக்க நான் ஒன்றரை அடி வைக்க வேண்டும், தோள் இடிக்கிறது, கை இடிக்கிறது, நடுவில் மெக்கின் கயிறு வேறு. என்ன இது, கோழி நடக்கற மாதிரி நடக்கற, இவ்வளவு சின்னக் காலடிய வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் எப்படி என் கூட வந்த என்றார். கூட எங்க வந்தேன், பின்னாடி வந்தேன் என்றேன். அதற்குப் பிறகு ஒரு மைல் பேச்சில்லை. ஆனால் பக்கத்தில் நடக்கிறவளிடம் எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பது, முன்னால் போனால் காது கேட்காத மாதிரி இருந்துவிடலாம். ஸ்டீல் ரிக் மேட்டைத் தாண்டிச் செங்குத்தாக இறங்கும்போது கை கொடுத்தார், ஏறும்போதும் விடவில்லை. பிறகு ரோமாக்காரன் சுவர் கட்டிய லட்சணத்தைப் பற்றி ஆரம்பித்தார், வெளியில ரெண்டு பக்கமும் நல்லா செதுக்கி வச்சிட்டு உள்ள என்ன கையில கிடைச்சுதோ அதைக் கொட்டி ரொப்பியிருக்கான் பாரு, நான் இப்படிக் கட்டினா எங்கப்பா கையை உடைச்சிருப்பார் என்று. ஆனாலும் நிக்குதே என்றேன். நிக்குது, அதான் எனக்குப் புரியல என்றார். ஊரெல்லாம் வந்து படம் பிடிக்கிற ஒற்றை மரத்தை யாரோ ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துப்போட்டார்களே, அந்தப் பள்ளத்துக்கு வந்தோம். அந்த அடிமரத்திலிருந்து தளிர்கள் கிளம்பியிருக்கின்றன கண்ணு, இலை கூட நல்ல அகலம். சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். உன் அப்பா மரத்தைப் பார்க்கவில்லை, வேலிக் கம்பத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்து, ஆடு நுழையாது என்று திருப்திப்பட்டுக்கொண்டார். ஏரி மேல் உள்ள பாறையில் உட்கார்ந்து டீ குடித்தோம். அப்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நீ நடக்கறப்ப ஏதோ பாட்டு முணுமுணுக்கறியே, எப்பத்துல இருந்து இந்தப் பழக்கம் என்று. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து என்றேன். அப்படியா என்று டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் என்னமோ செய்தது.

கோட்டைக்குப் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அதுவரை அந்த முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. கோட்டைச் சுவரோரம் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்து ரொட்டியும் ஹாமும் சாப்பிட்டோம், பட்டாணி மசியலை மெக்குக்குத் தெரியாமல் மறைத்து வைத்துச் சாப்பிட வேண்டியிருந்தது. பக்கத்தில் ஹாலந்திலிருந்து வந்த இரண்டு அக்கா தங்கைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள், முழுப் பாதையும் நடக்கிறார்களாம், எண்பத்து நாலு மைல், ஒவ்வொரு நிலையத்திலும் அட்டையில் முத்திரை குத்திக்கொண்டு. வழியில ஒரு வயல்ல ஒரு பலகை பார்த்தோம், வரிசையில போக இது பள்ளிக்கூடம் அல்லன்னு, அதை எழுதின முரட்டு ஆளைப் பார்க்கணும்னு ரொம்ப ஆசை, உங்களுக்குத் தெரியுமா என்று சின்னவள் கேட்டாள். உன் அப்பா ரொட்டியை மென்றுகொண்டே, அந்தப் பக்கத்து ஆளுங்க சகவாசமே எங்களுக்கு இல்ல என்றார். எனக்குப் புரை ஏறிவிட்டது. பிறகு படைவீரர்களின் பழைய கழிப்பிடத்தை எட்டிப் பார்த்தோம், ஒரே வரிசையாக நீளத்துக்கு உட்காருமிடம். இதுலகூடப் பக்கத்துல பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கானுங்க, இவனுங்களுக்கெல்லாம் கூச்சமே கிடையாதா என்றார். கூச்சப்பட்டிருந்தா சுவர் கட்டியிருக்க முடியாது என்றேன். நன்றாகத்தான் சிரித்தார். சிரித்து முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், நொண்ட ஆரம்பித்தார். ஆபரேஷன் செய்தது வலது முட்டி. நொண்டியது இடது கால். அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன், கண்ணு, அதில் விளையாட்டே இல்லை. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு சிரித்த பிறகும் ஒரு மனிதன் பொய்யாக நொண்டுகிறான் என்றால் அவனுக்கு உள்ளே ஏதோ பெரிய பயம் இருக்கிறது என்று தோன்றியது. சரி, கீழே இறங்கிப் பஸ் பிடிக்கலாம் என்றேன். சொல்லிவிட்டு, நீ தனியாக அந்தப் புல்வெளியில் நடந்து போவதை மனசில் பார்த்தேன். என் கண் நிறைந்துவிட்டது, காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

கோட்டையிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற சரிவில் பாதி வந்திருப்போம். மெக் நின்றுவிட்டது. வலப்பக்கம் கல்வேலிக்கு அந்தாண்டை வயலில் ஒரு ஆடு மல்லாந்து கிடந்தது, நாலு காலும் வானத்தைப் பார்க்க. ரோமம் வெட்டாத மாதம், முந்தின நாள் மழையில் கம்பளி நனைந்து கனத்திருக்கிறது, பள்ளத்தில் முதுகு மாட்டிக்கொண்டால் அவற்றால் புரண்டு எழ முடியாது, வயிறு உப்பிக் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். உனக்குத் தெரியாததா, மானு மாட்டுக்காரர் ஆயிற்றே, அவருக்காக எழுதுகிறேன். நான் அதைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா மெக்கின் கயிற்றை என் கையில் திணித்துவிட்டு வேலி மேல் ஒரு கையை ஊன்றி அந்தப் பக்கம் குதித்துவிட்டார். என் இடுப்பு உயர வேலி. இருபது வயசுப் பையன் மாதிரி ஓடினார், இடது காலும் ஓடியது, வலது காலும் ஓடியது. நான் கதவு இருக்கிற இடம் தேடிச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஆட்டைப் புரட்டி நிறுத்தி, அது தள்ளாடி மறுபடி விழாமல் இரண்டு முட்டிக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகில் நீலக் குறி, நம் ஆடு இல்லை, யாருடையதோ. காலில் ரத்தம் ஓடி அது தானாக நிற்க எப்படியும் பத்து நிமிஷம், கால் மணி ஆகும், அதுவரை விட்டால் திரும்ப விழுந்துவிடும். நான் முன்னால் போய் நின்றேன். முட்டி எப்படி இருக்கு என்றேன். ஆட்டுக் காதைப் பார்த்துக்கொண்டே, இப்ப கொஞ்சம் தேவலை என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கீழே ரோட்டில் பஸ் வந்தது. நின்றது, நாலு பேர் ஏறினார்கள், கிளம்பிப் போயிற்று. இரண்டு பேரும் அது வளைவில் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். அவரால் முன்னால் நடக்கவும் முடியாது, பின்னால் போகவும் முடியாது, காலுக்கு நடுவில் ஆடு. எனக்கு முப்பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. இப்ப சொல்லுங்க, அவ கல்யாணத்துக்கு ஏன் வர மாட்டேங்கறீங்க, முட்டின்னு சொன்னீங்கன்னா இந்த ஆட்டை நான் இழுத்து விட்டுருவேன் என்றேன். ஆட்டின் விலாவை நீவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆட்டிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார், அன்னிக்கு மேல்வயல்ல ஆடு எதுவும் மல்லாந்து கிடக்கல, லார்னா, என்று.

உனக்கு எந்த நாள் என்று புரிந்திருக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே ஜூன் மாதம், உன் பெட்டியெல்லாம் காரில் ஏற்றியாயிற்று, அப்பாவைக் காணோம் என்று நீ தேடினாய். மேல்வயல்ல ஒண்ணு மல்லாந்து கிடக்கு, அதை நிறுத்திட்டு வர்றேன், நீங்க கிளம்புங்க, ஸ்டேஷனுக்கு நேரா வந்துடறேன் என்று வேலிக்கு மேலிருந்து கத்திவிட்டுப் போனவர்தான். ஸ்டேஷனுக்கு வரவில்லை. ரயில் போன பிறகு நான் திரும்பி வந்து, உங்களுக்குப் பெத்த பொண்ணைவிட ஆடு பெரிசா போச்சா என்று கேட்டேன், பதிலே சொல்லவில்லை. நீயும் அதற்குப் பிறகு எந்தக் கடிதத்திலும் அதைப் பற்றிக் கேட்டதில்லை, ஆனால் அப்பா எப்படி இருக்கிறார் என்பதற்கு முன்னால் ஆடுகள் எப்படி இருக்கின்றன என்று எழுதுவாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு அவர் எங்கே இருந்தார் தெரியுமா. வயல் மூலையில் கல்வேலி திரும்புகிற இடத்தில், வேலிக்குப் பின்னால், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாராம். அவ கேட்டைத் திறக்க இறங்குனா, மேல பார்த்தா, ரெண்டு கையையும் வாய்கிட்ட வச்சுக் கூப்பிட்டா, நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன், ஒரு கல்லெறி தூரம்கூட இருக்காது லார்னா, எழுந்து நின்னிருந்தா போதும், கையை ஆட்டியிருந்தாக்கூடப் போதும் என்றார். ஏன் என்று கேட்டேன். ஸ்டேஷன்ல எல்லாரும் பார்க்க அழுதுருவேன்னு பயந்துட்டேன், அதுக்கப்புறம் அவ ரயிலேறிட்டா, அதுக்கப்புறம் என்னத்தைச் சொல்றது, வழியனுப்பக்கூட வராதவன் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவ பக்கத்துல நடக்கறது, போற வழியில அவ என் முகத்தைப் பார்த்தாளே போதும், எனக்குக் கால் வராது என்றார். நீ கூப்பிட்டது கேட்டதா என்று கேட்டேன். காரில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது, அப்பா அப்பா அப்பா என்று மூன்று தரம். காத்து அந்தப் பக்கம் அடிச்சுது, ஒண்ணும் காதுல விழல என்றார். நான் நம்பினேனா என்று என்னைக் கேட்காதே.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏழு வருஷமாக ஒரு பாவமும் அறியாத ஆட்டை நான் திட்டியிருக்கிறேன், இல்லாத ஆட்டை. அதைச் சொன்னேன், இன்னும் நிறையச் சொன்னேன், கடிதத்தில் எழுத முடியாத இரண்டு வார்த்தையும் சொன்னேன். அவர் ஆட்டைப் பிடித்தபடி நின்றார், கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கு வழியாக இறங்கி ஆட்டின் முதுகில் விழுந்தது, துடைக்கக் கை இல்லை. அப்புறம் எங்கே கோபப்படுவது. என் கைக்குட்டையால் நான்தான் துடைத்தேன், சளியையும் சேர்த்துத்தான். அதற்குள் ஆடு உதறிக்கொண்டு நின்றது, எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தது, நன்றி, விசுவாசம் ஒன்றும் இல்லாமல் நேரே போய் மேய ஆரம்பித்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் வயலில் நின்றோம். அவர் அட்டவணையை எடுத்தார், பார்த்தார், அதை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துவிட்டு, இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு என்றார். எட்டு மைல் என்றேன். சரி, மேல ஏறு என்றார்.

அந்த எட்டு மைலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கால் வலித்தது, இரண்டு தரம் தூறியது, புதருக்குள் ஒரு முயலைப் பார்த்து மெக் என் தோள்பட்டையைக் கழற்றப் பார்த்தது. பலகை எங்கேயும் இல்லை, ஆனாலும் என் பக்கத்திலேயேதான் நடந்தார். ஒரு இடத்தில் காலை எட்டிப் போட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்று, நான் வந்து சேர்ந்ததும் மறுபடி காலடியைச் சுருக்கி வைத்தார். நீ பிறந்த அன்று பனி கொட்டியது, மருத்துவச்சி டிராக்டரில் வந்தாள், அந்தக் கதையை எனக்கே புதிதாகச் சொன்னார், நான்தானே பெற்றேன் என்று ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. சோலர்ஃபோர்டு பாலத்துக்கு வந்தபோது மணி ஆறரை. பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் கேட்கவில்லை, பந்தயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவராகத்தான் சொன்னார், பிப்ரவரியில வைக்கோல் போட பெர்சி நிக்ஸன்கிட்ட சொல்லி வைக்கணும், அவன் ஆளு சோம்பேறி, ஆனா ஆட்டைப் பட்டினி போட மாட்டான் என்று. எனக்கு அது போதும் கண்ணு. ஹெக்ஸம் டவுனுக்குப் போய்ப் பிளேன் டிக்கெட்டுக்குச் சொல்லியாயிற்று, பிப்ரவரி முதல் வாரம் கிளம்பி, குட்டி போடுகிற காலத்துக்கு முன்னால் திரும்பி வந்துவிடுவோம்.

இன்னும் கேள். அவருக்கு இப்போது வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. பழக்கத்துல பத்தடி முன்னாடி போயிட்டேன்னா, பொண்ணை விட்டுட்டு அப்பன் மட்டும் போய் நின்னா ஊரே சிரிக்குமே என்கிறார். அதனால் நேற்று மாலை டீக்குப் பிறகு, பதிமூன்று மைல் நடந்த வலியில் பின்புறமாகப் படி இறங்குகிற அதே காலோடு, என்னை மேல்வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படிக்கட்டு வேலியிலிருந்து அந்த மூலை வரைக்கும் நாலு தரம் நடக்க வைத்தார். நான்தான் நீ. அவர் கை மடக்கி நிற்பார், நான் பிடித்துக்கொள்ள வேண்டும், பின்னால் மெக் வாலை ஆட்டிக்கொண்டு வரும். மூலை வந்ததும் இப்போது தலையைத் திருப்பிக்கொள்வதில்லை, அங்கேதான் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். நீ நடக்கப்போவது புல்லா, பலகை போட்ட பாதையா என்று உடனே எழுதச் சொன்னார், புல் என்றால் கவலை இல்லையாம், எத்தனை பேர் அகலம் என்றும் கேட்கச் சொன்னார். அப்புறம் மிக முக்கியம், உன் காலடியை அளந்து அனுப்பு. ஈர மண்ணில் வழக்கமாக நடக்கிற மாதிரி நட, அவசரப்படாதே, கல்யாணத்துக்குப் போடப்போகிற செருப்போடு நட, ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் எத்தனை அங்குலம் என்று மானுவை அளக்கச் சொல்லி எழுது. வேலிக்குக் கயிறு கட்டுகிற மாதிரி அந்த அளவுக்கு வயலில் கயிறு கட்டிப் பழகப்போகிறாராம். நான் சிரித்தேன், ஆனால் நீ அளந்து அனுப்பு.

மற்றபடி ஜூலை முதல் வாரம் ரோமம் வெட்ட ஆள் வருகிறார்கள். அடுப்புப் புகைக்கூண்டில் காக்கை கூடு கட்டியிருக்கிறது, குஞ்சு பறக்கிற வரை அடுப்பு மூட்டக் கூடாது என்று உன் அப்பா உத்தரவு, அதனால் அடுப்படி ஜில்லென்று கிடக்கிறது. நீ கன்றுக்குட்டியைத் தூக்குகிறேன் பேர்வழி என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்காதே, காலையில் வெறும் காப்பியோடு தொழுவத்துக்கு ஓடாதே, நாலு வாய் கஞ்சி குடித்துவிட்டுப் போ. மானுவின் அம்மாவுக்கு என் அன்பைச் சொல், அங்கே வரும்போது என்ன கொண்டுவந்தால் அவர்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டு எழுது, உன் அப்பா கிடா ஒன்றைத்தான் யோசிக்கிறார், நான் தடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் குறையில்லாத உடம்பும், மழைக்கு ஒழுகாத கூரையும், ஒருவரை ஒருவர் விட்டுவிட்டு முன்னால் போகாத காலும் கடவுள் கொடுக்கட்டும். காலடி அளவை மறக்காதே.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். எழுதாத என்றார், அப்படின்னா நீங்க எழுதுங்க என்றேன், எனக்கு எழுத வராது என்றார், அப்ப நான்தான் எழுதுவேன், அடியில உங்களுக்கு இடம் விடறேன், கையெழுத்தாவது போடுங்க என்றேன். விட்டிருக்கிறேன். மேசையில் பேனாவோடு முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார். என்ன எழுதினாலும் நான் திருத்தப்போவதில்லை, படிக்காமலே ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் கல்யாணத்துக்கு இப்போதே பெட்டி கட்டத் தொடங்கிவிட்ட
அம்மா லார்னா

எல்ஸி, அன்னிக்கு நீ கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. மூணு தரமும். வர்றேன். அப்பா.